வைஸ்: தீமையும் அல்ல, துணையும் அல்ல

போன மாதம் ஒரு காணொளி பார்த்துக்கொண்டிருந்தேன். பட்டறையில் பொருளை இறுக்கிப் பிடிக்கும் வைஸ், அதில் துருவேறிக் கிடந்த பழையது ஒன்றை ஒருவர் பொறுமையாகக் கழற்றி, எண்ணெயில் ஊறப்போட்டு, கம்பி பிரஷால் தேய்த்துப் புதிதாக்குகிறார். அவர் பேசப் பேசக் கீழே தானாக ஓடிய தமிழ் வரி இப்படிச் சொன்னது: ‘நான் இருபது ஆண்டுகளாகப் பழைய தீமைகளைச் சேகரித்து வருகிறேன்.’

சிரித்துவிட்டு விட்டிருப்பேன். அடுத்த வாரம் ஓர் இணையக் கடையில் ‘6 அங்குல பெஞ்ச் துணை’ விலைக்கு வந்தது. அதோடும் போகவில்லை. துளையிடும் இயந்திரம் வாங்கினால் கூடவே தருகிற கையேட்டில், ‘பொருளை உங்கள் துணையில் பொருத்தி நன்றாக இறுக்கவும்’ என்று இருந்தது. என் துணை அடுக்களையில் இருந்தாள். படித்துக் காட்டினேன். ‘கிட்ட வந்து பாருங்க’ என்றாள்.

சரி, விஷயத்துக்கு வருவோம். வைஸ் என்பது வேலைமேசையில் போல்ட் போட்டு இறுக்கிய இரும்புச் சாதனம். ஒரு தாடை அசையாது. இன்னொன்று திருகைச் சுற்றச் சுற்ற முன்னும் பின்னும் நகரும். நடுவே பொருளைக் கொடுத்து இறுக்கிவிட்டால் அரத்தால் ராவலாம், ரம்பத்தால் அறுக்கலாம், தட்டி வளைக்கலாம். இரண்டு கையும் நமக்கு மிச்சம்.

ஆங்கிலத்தில் ஒரே ஒலியில் மூன்று சொற்கள் இருக்கின்றன. ஒழுக்கக்கேடு என்று பொருள்படுவது லத்தீனின் ‘விட்டியும்’ என்ற சொல்லிலிருந்து வந்தது. குற்றம், குறை என்று அதற்கு அர்த்தம். துணைத்தலைவர், துணைவேந்தர் என்கிறபோது முன்னால் வருவது ‘பதிலாக, இடத்தில்’ என்ற பொருளுள்ள இன்னொரு லத்தீன் சொல். நம் பட்டறை வைஸுக்கு இந்த இரண்டோடும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. அது பழைய பிரெஞ்சின் ‘வீஸ்’, பொருள் திருகு. இன்றும் பிரெஞ்சில் திருகுக்கு அதுதான் பெயர். அதற்கும் பின்னால் போனால் லத்தீனின் ‘வீட்டிஸ்’, அதாவது திராட்சைக்கொடி. கொடியின் பற்றுக்கம்பி சுருண்டு சுருண்டு ஏறுவதைப் பார்த்துத் திருகுக்கு அந்தப் பெயரை வைத்தார்கள். இடைக்கால ஆங்கிலத்தில் சுழல்படிக்கட்டுக்கும் இதே சொல் இருந்தது. திருகின் பெயர் மெல்ல மெல்லத் திருகை வைத்து இறுக்குகிற கருவியின் பெயராகிவிட்டது. வேர்க்கதை அவ்வளவுதான்.

பிரிட்டனில் பட்டறை வைஸையும் ஒழுக்கக்கேட்டையும் ஒரே எழுத்தில், ‘சி’ போட்டு எழுதுகிறார்கள். அமெரிக்கர்கள் கருவிக்கு மட்டும் ‘எஸ்’ போட்டுப் பிரித்துவிட்டார்கள். மொழிபெயர்க்கும் இயந்திரம் தடுக்கி விழுவது பெரும்பாலும் அந்த ‘சி’யில்தான். இயந்திரத்தை மன்னித்துவிடலாம். அது துப்பியதை ஒருமுறைகூடப் படிக்காமல் அச்சுக்கு அனுப்புகிறார்களே, அவர்களை என்ன செய்வது?

பழைய வைஸ் சேகரிப்பவர்களுக்கு இந்த எழுத்து வேறுபாடு ஒரு துப்பு. வார்ப்பிலேயே புடைத்து நிற்கும் எழுத்தில் ‘சி’ இருந்தால் பெரும்பாலும் பிரிட்டிஷ் சரக்கு. ‘எஸ்’ இருந்தால் அநேகமாக அமெரிக்கா. யார்க்‌ஷயரின் ஷிப்லி ஊரில் பார்க்கின்சன் நிறுவனம் செய்த வைஸின் உடம்பில் ‘பார்க்கின்சன்’ஸ் பர்ஃபெக்ட் வைஸ்’ என்று பெருமையாக எழுதியிருக்கும், ‘சி’ போட்டு. இதை நம் மொழிபெயர்ப்பாளர் கையில் கொடுத்தால் ‘பார்க்கின்சனின் முழுமையான தீமை’ என்று திருப்பித் தருவார். விசையை அழுத்தினால் திருகு விடுபட்டுத் தாடை சரேலென்று நகரும் ஏற்பாடு அதில் உண்டு. அதைப் போய்த் தீமை என்றால் அடுக்குமா?

பெயரைப் பிடித்துக்கொண்டு போனால் கதைகள் கிடைக்கும். மாசச்சூசெட்ஸின் அத்தால் ஊரில் 1868இல் அத்தால் மெஷின் கம்பெனி தொடங்கியது, லாராய் ஸ்டாரெட் கண்டுபிடித்த இறைச்சி கொத்தும் எந்திரத்தைச் செய்ய. பிறகு அவருக்கும் நிர்வாகத்துக்கும் ஒத்துவரவில்லை. வெளியே வந்து 1880இல் அளவைக் கருவிகள் செய்யச் சொந்தமாக ஒரு நிறுவனம் தொடங்கினார். 1905இல் அந்தப் பழைய அத்தால் கம்பெனியையே விலைக்கு வாங்கிவிட்டார். வெறும் ‘அத்தால்’ என்றிருக்கும் வைஸையும் ஸ்டாரெட் பெயர் சேர்ந்த வைஸையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் இந்தக் கதை முழுவதும் இரும்பில் எழுதியிருக்கும். கனெக்டிகட்டின் மெரிடன் ஊரில் சார்லஸ் பார்க்கர் 1832இல் காப்பிக்கொட்டை அரைக்கும் எந்திரத்தில் தொடங்கி வைஸுக்கும் துப்பாக்கிக்கும் போனவர். மெரிடன் நகரின் முதல் மேயரும் அவர்தான்.

இன்னொன்று சிகாகோவின் வில்ட்டன். செக் நாட்டிலிருந்து குடியேறிய ஹ்யூ வோகல் 1941இல் தொடங்கியது. துப்பாக்கிக் குண்டு மாதிரி உருண்டு நீண்ட பின்பக்கம் கொண்ட அதன் வைஸுக்குச் சேகரிப்பாளர்களிடம் தனி மவுசு. தாடையை வெளியே உருவிச் சறுக்குத் தண்டின் அடியைப் பார்த்தால் மாதமும் ஆண்டும் குத்தியிருக்கும். பழைய வில்ட்டன்களில் அது செய்த தேதி இல்லை, ஐந்தாண்டு உத்தரவாதம் முடிகிற தேதி. எண்ணுக்கு முன்னால் உத்தரவாதம் முடிவு என்பதற்கான சுருக்கெழுத்து இருந்தால் அதிலிருந்து ஐந்தைக் கழிக்க வேண்டும். 1957இல் நிறுவனம் ஷில்லர் பார்க்குக்கு இடம் மாறியதால், உடம்பில் ‘சிகாகோ’ என்றிருப்பவை அதற்கு முந்தியவை என்று கொள்கிறார்கள்.

என்னிடம் இருப்பது ஒன்றே ஒன்று. காயலான் கடையில் எடைக்கு வாங்கியது. ஷெஃபீல்டில் 1898இல் தொடங்கிய ஹாம்ப்டன் சகோதரர்களின் நிறுவனம் செய்த ‘ரெக்கார்ட்’, 3ஆம் எண், 4 அங்குலத் தாடை. துருவுக்கு அடியில் அந்த நிறுவனத்தின் நீலப் பூச்சு அங்கங்கே எட்டிப் பார்க்கிறது. காயலான் கடைக்காரர் அதை ‘வைசு’ என்றார். தீமை என்றோ துணை என்றோ சொல்லவில்லை. அவர் எதையும் மொழிபெயர்க்கவில்லை, அதனால் பிழைத்தார்.

இனி உண்மையான சண்டை. தீமை, துணை எல்லாம் விபத்து. தெரிந்தே, யோசித்தே செய்த தமிழ்ச்சொற்கள் சில புழங்குகின்றன. எனக்கு மனத்தாங்கல் அவற்றோடுதான்.

முதலாவது ‘பிடிப்பான்’. எதைப் பிடிப்பான்? கைப்பேசியைக் காரில் செருகி வைப்பதும் பிடிப்பான், சோதனைக்குழாயைப் பிடிப்பதும் பிடிப்பான், மெழுகுவத்தி நிற்பதும் பிடிப்பான். ஒரு வினையை எடுத்து ‘ஆன்’ ஒட்டினால் கலைச்சொல் பிறந்துவிட்டது என்று நினைப்பவர்கள் செய்த வேலை. மேலே பேச ஒன்றுமில்லை.

இரண்டாவது ‘இடுக்கி’. நல்ல சொல், பழைய சொல். ஆனால் அது ஏற்கெனவே அடுப்படியில் வேலை பார்க்கிறது. கொதிக்கிற பாத்திரத்தை இறக்குவது இடுக்கி. ‘இடுக்கியில் வைத்து அரத்தால் ராவு’ என்று ஒரு பையனிடம் சொன்னால் அவன் நம்மை ஒருமாதிரியாகப் பார்ப்பான்.

மூன்றாவது ‘கவ்வி’. இதற்குத்தான் ஆதரவாளர்கள் அதிகம். அவர்கள் சொல்வதிலும் நியாயம் இல்லாமல் இல்லை. இத்தாலியர்கள் வைஸை ‘மோர்சா’ என்கிறார்கள், கடித்தல் என்ற வினையிலிருந்து வந்தது. வைஸுக்குத் தாடை இருக்கிறது, தாடையில் பல் மாதிரி வெட்டும் இருக்கிறது, கவ்வுகிறது. பின்னே என்ன குறை? குறை, பட்டறையில் கிளாம்ப் என்று இன்னொன்று இருக்கிறது. கவ்வி என்ற பெயரை அதற்குப் பலர் ஏற்கெனவே கொடுத்தாயிற்று. ‘ஜி’ எழுத்து மாதிரி வளைந்து, கையில் எடுத்துப் போய் இரண்டு பலகையைச் சேர்த்து இறுக்குவது கிளாம்ப். வைஸ் நாம் தூக்கிக்கொண்டு போவதல்ல, நாம்தான் அதனிடம் போக வேண்டும். வைஸில் பிடித்த கோண இரும்போடு இன்னொரு தகட்டைக் கிளாம்ப் போட்டு இறுக்குவது தினப்படி வேலை. அதை எப்படி எழுதுவது? ‘கவ்வியில் உள்ள இரும்போடு தகட்டைக் கவ்வியால் கவ்வச் செய்க’ என்றா? நண்பர் ஒருவர் ‘பெருங்கவ்வி, சிறுகவ்வி என்று வைத்துக்கொள்வோம்’ என்றார். மூன்றடி நீளக் கிளாம்ப் இருக்கிறது, உள்ளங்கைக்குள் அடங்கும் வைஸ் இருக்கிறது. அளவால் பிரிக்க முடியாது.

அவரே இன்னொரு நாள் ‘நிலைக்கவ்வி’ என்று வந்தார். கேட்க நன்றாகத்தான் இருந்தது. வைஸுக்குள்ளேயே அசையாத் தாடை, நகரும் தாடை என்று இரண்டு இருப்பதை நினைவுபடுத்தினேன். ‘நிலைக்கவ்வி’ என்று படிப்பவன் அதை முழுக் கருவி என்று எடுப்பானா, அசையாத பாதி என்று எடுப்பானா? சண்டை அன்றைக்கு அங்கேயே நின்றது. காப்பிக்கு அவர்தான் காசு கொடுத்தார் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

நான்காவது ‘பிடிகுறடு’, ‘பற்றுக்குறடு’ வகையறா. கிட்டத்தட்ட வந்துவிட்டார்கள். ஆனால் குறடு என்பது கையில் பிடிப்பது, நடுவில் ஆணி வைத்த இரண்டு கால். கையை விட்டால் குறடும் விட்டுவிடும். வைஸின் பெருமையே கையை எடுத்த பிறகும் விடாமல் நிற்பதுதான். போதாததற்குப் பிளையரைக் ‘கொறடு’ என்று சொல்கிறவர்கள் இன்னும் உயிரோடு இருக்கிறோம்.

அப்புறம் நான் என்ன சொல்கிறேன்? கொடிறு.

பெரும்பாணாற்றுப்படையில் நண்டின் பிளந்த காலுக்கு உவமை சொல்லும்போது, ‘மிதியுலைக் கொல்லன் முறிகொடிற்றன்ன’ என்று வருகிறது. கொல்லனின் முறிந்த கொடிறு, அதாவது உலையில் காய்ந்த இரும்பைப் பிடிக்கும் கருவி. திருக்குறளில் ‘கொடிறுடைக்கும் கூன்கையர்’ என்கிறாரே வள்ளுவர், அங்கே கொடிறு என்றால் தாடை, கன்னம். மடக்கிய கையால் தாடையை உடைக்கிறவனுக்குத்தான் கயவன் எதையும் கொடுப்பான் என்கிறார். ஆக, ஒரே சொல்லில் பிடிக்கும் கருவியும் இருக்கிறது, தாடையும் இருக்கிறது. இரண்டு தாடையால் பிடிக்கும் ஒரு கருவிக்கு இதைவிட என்ன பொருத்தம் வேண்டும்?

மாணிக்கவாசகர் இன்னும் ஒரு படி மேலே. போற்றித் திருவகவலில் ‘கொடிறும் பேதையும் கொண்டது விடாது’ என்கிறார். கொடிறும் சரி, முட்டாளும் சரி, பிடித்ததை விடமாட்டார்கள். அவர் மனத்தில் இருந்தது கொல்லனின் குறடுதான், திருகு வைத்த வைஸ் அல்ல, அதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ‘கொண்டது விடாது’ என்பது குறட்டைவிட வைஸுக்கே நூறு பங்கு உண்மை. குறடு என்ற சொல் இன்றும் வேலையில் இருக்கிறது. கொடிறு உரையாசிரியர்களின் நிழலில் சும்மா உட்கார்ந்திருக்கிறது. வேலையில்லாத சொல்லைக் கூப்பிட்டு வேலை கொடுப்பதில் யாருக்கு நட்டம்?

ஒரு எச்சரிக்கை. லத்தீனில் கொடி, தமிழில் கொடிறு என்றதும் சிலருக்குக் கண் மின்னும். ‘கொடியிலிருந்தே கொடிறு, தமிழிலிருந்தே லத்தீன்’ என்று நாளைக்கே யாராவது எழுதுவார்கள். தயவுசெய்து வேண்டாம். ஒலி ஒத்துப்போவது தற்செயல். இப்படி இழுத்து இழுத்துத்தான் நல்ல சொல்லாராய்ச்சிக்கும் மரை கழன்றுபோகிறது.

கொடிறு என்று எழுதுங்கள் என்கிறேனே தவிர, கடையில் போய்க் கேளுங்கள் என்று சொல்லவில்லை. கேட்டால் கடைக்காரர் கோடரி எடுத்துத் தருவார். பேச்சில் வைஸ் இருக்கட்டும், அதில் எனக்கு வெட்கம் இல்லை. பட்டறைக்காரர் வைஸ் என்கிறபோது குழப்பம் எதுவும் நேர்வதில்லை. தமிழ்ப்படுத்துகிறேன் பேர்வழி என்று வருகிறபோதுதான் நேர்கிறது. ஒன்று, வந்த சொல்லை வந்தபடி வையுங்கள். இல்லை, மாற்றுவதென்றால் பொருளைக் கண்ணால் பார்த்துவிட்டு மாற்றுங்கள். வைஸை ஒருமுறை திருகிப் பார்த்தவன் எவனும் அதைத் துணை என்று எழுதமாட்டான்.

இந்த மொழிபெயர்ப்பாளர்கள் கதைகளைத் தமிழாக்கும்போதும் இதே கூத்துதான். முரடன் ஒருவன் மணிக்கட்டைப் பிடிக்கிறான்; ‘வைஸ் போன்ற பிடி’ என்று எழுதுகிறார்கள். வாசிக்கிறவர்களில் எத்தனை பேர் வைஸைத் தொட்டிருப்பார்கள்? உடும்புப்பிடி என்று ஒன்று நம்மிடம் இல்லையா? குரங்குப்பிடி இல்லையா? கருவியைச் சொல்ல வேண்டிய இடத்தில் தீமை, உவமை வேண்டிய இடத்தில் கருவி.

கொடிறு கைக்கு வந்துவிட்டால் கிளைச்சொற்கள் தாமாக வரும். பைப் வைஸ் குழாய்க்கொடிறு. கடிகாரக்காரர் விரலிடுக்கில் உருட்டும் பின் வைஸ் ஊசிக்கொடிறு. கொல்லுப்பட்டறையில் தரைவரை கால் நீட்டி நிற்கும் லெக் வைஸ் கால்கொடிறு. சம்மட்டி அடியைத் தாங்கித் தரைக்கு இறக்குவது அந்தக் கால்தான். இங்கிலாந்தின் டட்லி ஊரில் பீட்டர் ரைட் பட்டடைக் கல்லோடு சேர்த்துச் செய்து விற்றவை இன்றும் அங்கங்கே அடி வாங்கிக்கொண்டிருக்கின்றன.

வைஸ் கிரிப் மட்டும் மிச்சம். நெப்ராஸ்காவின் டிவிட் ஊரில் கொல்லுவேலை செய்த வில்லியம் பீட்டர்சன் 1920களில் காப்புரிமை எடுத்த பூட்டுக் குறடு. கையை விட்டாலும் விடாது, ஆனால் கையில் தூக்கிக்கொண்டு போகலாம். குறடா, கொடிறா என்று நானும் நண்பரும் இரண்டு காப்பி குடித்துப் பார்த்துவிட்டோம். அது பீட்டர்சன் வைத்த பெயர், வைஸ் கிரிப்பாகவே இருக்கட்டும்.