சொல் விளக்கம்: குடித்தன மெய் வருமானம்

ஆண்டுதோறும் செப்டம்பரில் அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் துறை ஓர் அறிக்கை வெளியிடும். நாட்டின் நடுத்தட்டில் இருக்கும் வீட்டாரின் ஆண்டு வருமானம், விலைவாசி ஏற்றத்துக்கு ஈடுகட்டிப் பார்த்தால், ஏறியதா இறங்கியதா என்று அது சொல்லும். இந்த அளவின் ஆங்கிலப் பெயர் ‘ரியல் மீடியன் ஹவுஸ்ஹோல்ட் இன்கம்’. தமிழில் இது ‘அமெரிக்கர்களின் சராசரிக் குடும்ப வருமானம்’ என்று எழுதப்படும்போது எனக்கு வருத்தமாக இருக்கும். சராசரி என்பதும் தவறு, குடும்பம் என்பதும் தவறு. போதாததற்கு, வருமானத்துக்கு முன்னால் கட்டாயம் இருக்க வேண்டிய அடைமொழியையே காணோம்.

அந்த அடைமொழி ஆங்கிலத்தில் ‘ரியல்’. பொருள், பண்டம் என்று அர்த்தம் தரும் ‘ரெஸ்’ என்ற லத்தீன் சொல்லிலிருந்து பிறந்தது. அதற்கு எதிரில் நிற்கும் ‘நாமினல்’, பெயரைக் குறிக்கும் ‘நோமென்’ என்ற சொல்லிலிருந்து வந்தது. 1776-இல் ஆடம் ஸ்மித் தம் ‘நாடுகளின் செல்வம்’ நூலில் இந்த இரண்டையும் எதிரெதிராக வைத்துப் பேசினார். உழைப்பவர் நன்றாக வாழ்கிறாரா என்பதை அவர் வாங்கும் காசின் எண்ணிக்கை காட்டாது, அந்தக் காசுக்கு என்னென்ன கிடைக்கிறது என்பதே காட்டும் என்பது அவர் வாதம்.

ஓர் உதாரணத்தை நெருங்கிப் பார்ப்போம். 2021-இல் அமெரிக்காவின் நடுத்தட்டு வருமானம் 70,784 டாலர். 2022-இல் அது 74,580. கிட்டத்தட்ட 3,800 டாலர் கூடியிருக்கிறது, சந்தோஷம்தான். ஆனால் அந்த ஒரு வருடத்தில் விலைவாசி 7.8% ஏறிவிட்டது. 2021-இன் 70,784-ஐ 2022-இன் விலைக்கு மாற்றினால் சுமார் 76,330 ஆகிறது. அதாவது கையில் வந்த பணம் கூடியது; அதைக் கொண்டு வாங்க முடிந்தது 2.3% குறைந்தது. இங்கே நடப்பது கழித்தல் கணக்கு இல்லை, விலைக் குறியீட்டெண்ணால் (விலைவாசி எவ்வளவு மாறியது என்று காட்டும் எண்ணால்) வகுத்துப் பெருக்கும் கணக்கு. ‘பணவீக்கம் போக மீதி வருமானம்’ என்று எழுதுவது அதனால்தான் பொருந்தாது.

சரி, தமிழில் என்ன சொல்வது? நம் பொருளியல் பாடநூல்களில் ‘உண்மை வருமானம்’, ‘உண்மைக் கூலி’ என்ற சொற்கள் உண்டு. வகுப்பறைக்கு அவை போதும். வெளியே வந்து ‘அவருடைய உண்மை வருமானம் எவ்வளவு?’ என்று கேட்டுப் பாருங்கள்; வரித்துறைக்குக் காட்டாமல் வைத்திருக்கும் தொகையைக் கேட்கிறீர்கள் என்றுதான் யாரும் நினைப்பார்கள். ‘மெய்’ என்ற சொல்லுக்கு அந்தச் சிக்கல் குறைவு. கணிதத்தில் ‘மெய்யெண்’ ஏற்கெனவே ஊன்றிவிட்டது. மெய் என்றால் உடம்பும்கூட, ஆகவே ‘ரெஸ்’ஸின் மூலப்பொருளுக்கும் அருகில் வருகிறது. என் தேர்வு ‘மெய் வருமானம்’. எதிர்ச்சொல்லாக ‘பண வருமானம்’ போதும். ‘பெயரளவு வருமானம்’ என்றால் ஒப்புக்குக் கிடைப்பது போலத் தொனிக்கிறது.

அடுத்தது ‘ஹவுஸ்ஹோல்ட்’. அமெரிக்கக் கணக்கில் குடும்பம் என்றால் ரத்த உறவாலோ திருமணத்தாலோ தத்தெடுப்பாலோ இணைந்து ஒன்றாக வாழும் இரண்டு பேராவது வேண்டும். ஹவுஸ்ஹோல்டுக்கு அந்த நிபந்தனை கிடையாது. தனியே வாழும் மூதாட்டியும் ஒரு ஹவுஸ்ஹோல்ட். ஒரே வீட்டைப் பகிர்ந்துகொள்ளும் நான்கு நண்பர்களும் ஒரு ஹவுஸ்ஹோல்ட். இதற்கு நம்மிடம் அருமையான சொல் இருக்கிறது: குடித்தனம். ‘அந்த வீட்டில் மூன்று குடித்தனம்’ என்று சொல்லும்போது நாம் எண்ணுவது உறவை அல்ல, தனித்தனியாக நடக்கும் வாழ்க்கையை. நண்பர்கள் சேர்ந்திருப்பதைக் குடித்தனம் என்பது கொஞ்சம் புதிதாகத் தோன்றலாம், பழகிவிடும்.

இந்த வேறுபாடு முக்கியம். அமெரிக்காவில் குடும்ப வருமானக் கணக்கு 1947-இலிருந்து கிடைக்கிறது, குடித்தனக் கணக்கோ 1967-இலிருந்துதான். 1947 முதல் 1973 வரை குடும்பங்களின் மெய் வருமானம் ஏறத்தாழ இரு மடங்கானது. அப்புறம் அந்த வேகம் திரும்பவே இல்லை, அதுவும் பெண்கள் பெருமளவில் வேலைக்குப் போன காலத்தில். 2015-இல் குடித்தன மெய் வருமானம் ஒரே ஆண்டில் 5.2% உயர்ந்தது, ஆனாலும் அன்றைய கணக்குப்படி 1999-இன் உச்சத்துக்கு 2.4% கீழேதான் நின்றது. பதினாறு வருட உழைப்புக்குப் பிறகும் நடுத்தட்டு அதே இடத்தில்! இதே காலத்தில் குடித்தனங்களும் சிறுத்தன. 1967-இல் ஒன்றுக்கு மூன்று பேருக்கு மேல் இருந்தார்கள், இப்போது சுமார் 2.5 பேர். இந்த வருமானம் வரிக்கு முந்தைய பணம் மட்டுமே என்பதும் நினைவிருக்கட்டும். முதலாளி கட்டும் மருத்துவக் காப்பீடு இதில் சேராது. எந்த விலைக் குறியீட்டெண்ணால் வகுக்கிறோம் என்பதைப் பொறுத்தும் வளர்ச்சி கூடியோ குறைந்தோ தெரியும்.

‘மீடியன்’ பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. தமிழ்நாட்டில் ‘இடைநிலை’, இலங்கையில் ‘இடையம்’. எல்லாக் குடித்தனங்களையும் வருமானப்படி வரிசையாக நிறுத்தினால் சரிபாதியில் நிற்பதன் வருமானம் அது. சில கோடீசுவரர்கள் சேர்ந்தால் சராசரி எகிறும், இடைநிலை அசையாது.

ஆகவே செய்தியை இப்படி எழுதலாம்: ‘2024-இல் அமெரிக்காவின் இடைநிலைக் குடித்தன வருமானம் 83,730 டாலர், மெய் மதிப்பில் முந்தைய ஆண்டைவிடக் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை.’