டை ஒன்றுதான், அமைப்பு இரண்டு

சென்ற மாதம் ஒருவர் தம் ரிவால்வரைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு எங்கள் பட்டறைக்கு வந்தார். உள்ளே தோட்டா இருக்கிறது, தோட்டாக்கள் உட்காரும் சிலிண்டர் சுழலவில்லை என்று வாசலிலேயே சொல்லிவிட்டார். அந்த மட்டுக்கும் புத்திசாலி. டெக்சஸில் துப்பாக்கிப் பழுதுபார்க்கும் எனக்கு இது பழகிய நோய்தான். துப்பாக்கியைப் பாதுகாப்பான பக்கம் திருப்பி வைத்து விளக்கைச் சாய்த்துப் பார்த்தேன். சிலிண்டரின் முன்முகத்தில் ஓர் ஈயக் குண்டின் மூக்கு அரிசி பருமனுக்கு வெளியே நீட்டி, பீப்பாயின் பின்விளிம்பில் முட்டிக்கொண்டிருந்தது.

தோட்டாவை அவரே வீட்டில் நிரப்பியிருந்தார். டை என்பது, தோட்டாவின் பித்தளைக் கூட்டை அளவுக்குக் கொண்டுவந்து அதன் வாயில் குண்டை வைக்க, நெம்புகோல் பிரஸ்ஸில் திருகிப் பொருத்தும் எஃகு அச்சு. .357 மக்னம் என்ற தோட்டா வகைக்காகத் திருகி வைத்திருந்த டையில் .38 ஸ்பெஷல் என்ற வேறு வகையின் கூடுகளை ஓட்டியிருக்கிறார். “டைப் பெட்டியில் இரண்டு பெயரும் போட்டிருக்கிறதே?” என்று கேட்டார். போட்டிருப்பது உண்மைதான். சிக்கல் தொடங்குவதும் அங்கேதான்.

இரண்டு தோட்டாவுக்கும் குண்டு ஒன்றே. .38 என்பது பழைய கணக்கில் வந்த பெயர், குண்டின் விட்டம் .357 அங்குலம், வெறும் ஈயமானால் .358. கூட்டின் பருமனும் அடிவிளிம்பும்கூட ஒன்றே. வேறுபடுவது நீளம். ஸ்பெஷல் கூடு 1.155 அங்குலம், மக்னம் 1.290. 1930களில் மக்னத்தை உருவாக்கியவர்கள், அது பழைய .38 ரிவால்வருக்குள் நுழைந்துவிடக் கூடாது என்றே கூட்டை நீட்டினார்கள். ஸ்பெஷலின் அழுத்த வரம்பு சதுர அங்குலத்துக்கு 17,000 பவுண்டு, மக்னத்துக்கு 35,000. இடையில் இருக்கும் அந்த 0.135 அங்குலம் ஒரு காவல்காரன்.

மூன்று டை கொண்ட செட்டில் முதலாவது, சுட்டபின் விரிந்த கூட்டைப் பழைய அளவுக்குச் சுருக்கும். இதில் நீள வேறுபாடு பொருட்டே அல்ல. ஒரே அமைப்பு இரண்டுக்கும் போதும். கார்பைடு வளையம் வைத்ததாக வாங்குங்கள், கூட்டுக்கு எண்ணெய் பூசும் வேலை மிச்சம். வளையம், கூட்டின் அடியைப் பிடித்திருக்கும் ஷெல் ஹோல்டரில் மோதாமல் ஒரு தாள் கனத்துக்கு இடைவெளி விடுங்கள். கார்பைடு கடினமானது, ஆனால் அடிபட்டால் விரிசல் விடும்.

இரண்டாவது டை கூட்டின் வாயைச் சற்று விரிக்கிறது. மூன்றாவது குண்டை உள்ளே இறக்கி, வாயை உட்பக்கம் மடக்கிப் பிடிக்கிறது. கிரிம்ப் என்பது இதைத்தான். இந்த இரண்டுக்கும் கூட்டின் நீளம்தான் எல்லாம். மூன்றாவது டையில் நடுத்தண்டு குண்டின் ஆழத்தையும், டையின் உடல் நிற்கும் உயரம் கிரிம்பையும் முடிவு செய்கின்றன. நம்மவர் தண்டை மட்டும் இறக்கிவிட்டு உடலை மக்னம் உயரத்திலேயே விட்டுவிட்டார். ஆழம் சரியாக வந்ததால் தோட்டா பார்வைக்கு லட்சணமாக இருந்தது. ஆனால் கூட்டின் வாய் மடக்கும் விளிம்பைத் தொடவே இல்லை. ஒவ்வொரு முறை சுடும்போதும் துப்பாக்கி பின்னால் உதைக்க, சிலிண்டரில் மிச்சமிருந்த குண்டுகள் கொஞ்சம் கொஞ்சமாக முன்னால் நழுவின. ஐந்தாவது சுற்றில் சிலிண்டர் நின்றுவிட்டது.

தலைகீழாகச் செய்தால், அதாவது ஸ்பெஷல் அமைப்பில் மக்னம் கூட்டை ஏற்றினால், நெம்புகோலை இழுக்கும்போதே கூடு ஆர்மோனியத் துருத்தி போல் மடியும். கூடு வீணாகும், ஆனால் தவறு கண்ணில் பட்டுவிடும். எனக்கு அதுவே மேல்.

வாங்கப் போகிறவருக்கு: .38, .357 இரண்டும் பொறித்த செட் போதும். சில நிறுவனங்கள் நீள வேறுபாட்டை ஈடுகட்ட ஒரு வளையத்தையும் தருகின்றன. மக்னத்துக்கு, டையின் உயரத்தைப் பிடித்து நிறுத்தும் லாக் ரிங்கின் அடியில் அதைப் போட வேண்டும், ஸ்பெஷலுக்குக் கழற்ற வேண்டும். நல்ல யோசனைதான், ஆனால் இரவு பத்து மணிக்கு அது இருக்கிறதா இல்லையா என்று யார் பார்க்கிறார்கள்? இரண்டையும் அடிக்கடி நிரப்புகிறவர் மூன்றாவது டையை மட்டும் இன்னொன்று வாங்கி, லாக் ரிங்கைப் பூட்டி, வேறு நிறம் பூசி வைப்பதே என் பரிந்துரை. .44 ஸ்பெஷல், .44 மக்னத்துக்கும் இதே கதை. சில பழைய .44 மக்னம் டைகள் ஸ்பெஷலின் வாயை எட்டும் அளவுக்குக் கீழே இறங்கா. .45 கோல்ட், .45 ஏசிபி இரண்டையும் பெயரைப் பார்த்து உறவாக்கிவிடாதீர்கள். கூடே வேறு, டையும் வேறு.

எந்த டையாலும் பிடிக்க முடியாத தவறு ஒன்று உண்டு. .38 ஸ்பெஷல் கரும்பொடிக் காலத்துக் கூடு, உள்ளே இடம் தாராளம். வேகமாக எரியும் இன்றைய பவுடரை இரண்டு முறை கொட்டினாலும் வழியாது. ஆகவே குண்டு வைக்கும் முன் ஒவ்வொரு கூட்டுக்குள்ளும் விளக்கடித்துப் பாருங்கள். பவுடரின் அளவை, கையேட்டில் அந்தத் தோட்டாவுக்கு உரிய பக்கத்திலிருந்தே எடுங்கள்; மக்னத்தின் அளவு ஸ்பெஷல் கூட்டுக்கு ஒருபோதும் ஆகாது.

வந்தவர் மிச்சமிருந்த 43 தோட்டாக்களையும் கொண்டுவந்திருந்தார். ஒவ்வொன்றாக எடுத்து, குண்டின் மூக்கை மேசை விளிம்பில் வைத்துக் கையால் அழுத்தச் சொன்னேன். ஒன்பது குண்டுகள் சத்தமில்லாமல் கூட்டுக்குள் இறங்கின. மீதியையும் பிரித்துவிடச் சொல்லி அவரே கேட்டுக்கொண்டார்.