அகதி, ஏதிலி, அடைக்கலம்: எந்தச் சொல்லை எங்கே எழுதுவது

‘அகதி’யைப் பிரித்தால் அ + கதி. கதி வடசொல். ‘செல்லுதல்’ என்ற வேரில் பிறந்து, செல்லும் வழி, சென்று சேரும் இடம், கடைசியில் அண்டி நிற்கும் துணை என்று அதன் பொருள் விரிந்தது. ‘நீயே கதி’, ‘பிள்ளைங்க கதி என்னாவது’, ‘நிர்க்கதியா நிக்கறா’ என்று நாள்தோறும் பேசுகிறவர்களுக்கு இதற்கு அகராதி தேவையில்லை. அந்தக் கதி அற்றவர் அகதி. ‘அகதிக்கு ஆகாசமே துணை’ என்ற பழமொழியில் எல்லையும் இல்லை, படகும் இல்லை, போரும் இல்லை. சொந்த ஊரிலேயே ஆதரவற்றுக் கிடப்பவரைத்தான் அது சொல்கிறது. நாடு விட்டு நாடு வந்தவர் என்ற பொருள் பின்னால் ஏறியது. 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு தமிழ்நாட்டில் ஈழத்தமிழர் என்றே அதற்குப் பொருளாகிவிட்டது.

சட்டத்தில் இதன் வரையறை குறுகலானது. இனம், மதம், தேசியம், ஒரு சமூகக் குழுவைச் சேர்ந்திருத்தல், அரசியல் கருத்து ஆகிய ஐந்தில் ஒன்றுக்காகத் துன்புறுத்தப்படுவோம் என்ற நியாயமான அச்சத்தால் தன் நாட்டுக்கு வெளியே இருப்பவர் என்கிறது 1951-ஆம் ஆண்டின் ஐ.நா. ஒப்பந்தம். இந்தியா அதில் கையெழுத்திடவில்லை. அகதிகளுக்கெனத் தனிச் சட்டமும் இங்கே இல்லை. ஆகவே குறுக்குப்பட்டி, பவளத்தானூர், நாகியம்பட்டி போன்ற சேலம் மாவட்ட ஈழத்தமிழர் முகாம்களில் குடும்ப அட்டை வைத்திருப்பவரும் சட்டத்தின் கண்ணில் அயல்நாட்டவர்தான். அட்டையில் உள்ள ‘அகதி’ நிர்வாகம் தந்த பெயர். அது தனியாக எந்த உரிமையையும் தராது. உதவிக்குப் போகிறவர்கள் முதலில் தடுக்கி விழுவது இங்கேதான்: ‘அகதி அட்டை இருக்கே, பாஸ்போர்ட் ஏன் தர மாட்டாங்க?’ என்று கேட்டுவிட்டு, இல்லாத நம்பிக்கையை ஊட்டிவிடுகிறார்கள்.

‘புகலிடம் கோருவோர்’ வேறு. பாதுகாப்புக் கேட்டு, இன்னும் முடிவு வராமல் இருப்பவர். 2022 மார்ச் முதல், பொருளாதார நெருக்கடியில் இலங்கையை விட்டுத் தனுஷ்கோடிக் கரையில் இறங்கி, மண்டபம் ஊர் முகாமில் தங்கவைக்கப்பட்டவர்களை இப்படிச் சொல்வதே சரி. ‘தஞ்சம்’ என்ற சொல்லை இதற்கு நாங்கள் பரிந்துரைப்பதில்லை. ‘காதல் ஜோடி மகளிர் காவல் நிலையத்தில் தஞ்சம்’ என்று வாரம் ஒருமுறையாவது நாளிதழ்களின் சேலம் பதிப்பில் படிக்கிறோம். அங்கே அது பொருத்தம். ஆனால் கையேந்தி நிற்கும் சாயல் அதில் ஒட்டியிருக்கிறது. ‘கோருதல்’ உரிமை கேட்பது. புகலிடம் கேட்கும் உரிமை எல்லா மனிதருக்கும் உண்டு என்று 1948-ஆம் ஆண்டின் மனித உரிமைப் பிரகடனம் 14-ஆம் பிரிவில் சொல்கிறது.

ஆங்கிலத்தார் சொல்லும் ‘அசைலம்’ கிரேக்கத்திலிருந்து வந்தது. அங்கேயும் முன்னால் ஓர் ‘அ’ உண்டு, அதற்கும் ‘இல்லை’ என்றே பொருள். பின்னால் வருவது பறித்தல், கைப்பற்றல். யாரும் உள்ளே புகுந்து ஆளைப் பிடித்துக்கொண்டு போக முடியாத இடம் என்பது பொருள். நம் ‘அ’ வந்தவரின் இல்லாமையைச் சொல்கிறது, அவர்கள் ‘அ’ துரத்துகிறவனுக்குத் தடை போடுகிறது.

தனித்தமிழ் எழுதுவோர் ‘ஏதிலி’ என்பார்கள். 1984-இல் தொடங்கிய ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகமும் தன் பெயரில் அதையே வைத்துக்கொண்டது. வந்தவர்களே தங்களுக்கு இட்டுக்கொண்ட பெயர் என்பதால் அதற்கு மரியாதை உண்டு. ஆனால் ‘ஏதிலார்’ என்ற பழஞ்சொல்லுக்கு அயலார், தொடர்பற்றவர் என்று பொருள். ‘ஏதிலார் ஆரத் தமர்பசிப்பர்’ என்று வள்ளுவர் ‘தமர்’ என்பதற்கு எதிராக நிறுத்துவதும் அதைத்தான். ஒரே மொழி பேசி வந்து நின்றவரை ‘உறவில்லாதவர்’ என்று கூப்பிடுவது எங்களுக்கு உறுத்துகிறது.

சரியான தமிழ்ச் சொல் ஏற்கெனவே இருக்கிறது: அடைக்கலம். ஆளைக் குறிக்க ‘அடைக்கலம் வந்தவர்’ என்றால் போதும். சிலப்பதிகாரத்தில் கவுந்தியடிகள் கண்ணகியை மாதரியிடம் ஒப்படைக்கும் பகுதிக்கே அடைக்கலக் காதை என்று பெயர். தோழியர் கூட்டமும் காவலும் தாயும் நீயே ஆகித் தாங்கு என்கிறார் அடிகள். மாதரி செய்ததைப் பாருங்கள். தனியாக ஒரு வீடு கொடுத்தாள். சமைக்கப் பாத்திரம், அரிசி, பலாக்காய், வெள்ளரி, மாதுளங்காய், மாம்பழம், வாழைப்பழம், பால்படு பொருள் எல்லாம் கொண்டுவந்து வைத்தாள். மகள் ஐயையைத் துணைக்கு விட்டாள். சமைத்துப் போடவில்லை, கண்ணகியே தன் கையால் சமைத்தாள். பின்னால் ‘அடைக்கலம் இழந்தேன்’ என்று சொல்லித் தீயில் புகுந்தவளும் மாதரிதான். பொறுப்பை ஏற்றவர் மேல் வைக்கிற சொல் இது. ‘அகதி’யில் அந்தப் பொறுப்பு யார் மேலும் விழுவதில்லை.

அக்கம்பக்கத்தார் ஏற்க வேண்டிய பொறுப்பு அரிசி மூட்டை அல்ல. முகாமில் ரேஷன் அரிசி உண்டு. மாதாமாதம் ‘டோல்’ என்று அவர்கள் சொல்லும் பணக்கொடையும் வரும்: 2021 அறிவிப்பின்படி குடும்பத் தலைவருக்கு 1,500 ரூபாய், மற்றப் பெரியவர்களுக்கு 1,000, பிள்ளைகளுக்கு 500. போதாதுதான். ஆனாலும் குறைவது காகிதமும், அதை எடுத்துக்கொண்டு கூட வரும் ஆளும். ஆண்கள் பெரும்பாலும் பெயின்டிங் வேலைக்குப் போகிறவர்கள், வெளியூரில் தங்கித்தான் கூலி. முகாமில் ஆள் சரிபார்க்கும் நாளில் இல்லாவிட்டால் டோல் நிற்கும், பதிவுக்கும் சிக்கல் வரும். கூட்டமோ மருத்துவ முகாமோ வைப்பதற்கு முன் ‘செக்கிங் என்னைக்கு?’ என்று கேட்டுத் தேதி குறியுங்கள்.

அடுத்தது பெயர். ஆங்கிலத்தில் எழுதும்போது முகாம் அட்டையில் ‘ஒய்’ போட்டிருக்கும், வங்கிப் புத்தகத்தில் ‘ஐ’ இருக்கும், பள்ளியில் அப்பா பெயரும் பிள்ளை பெயரும் இடம் மாறியிருக்கும். ஒரு நோட்டில் பெயர், பிறந்த தேதி, தந்தை பெயர், தாய் பெயர் என்று நான்கு கட்டம் கிழித்து, ஒவ்வோர் ஆவணத்திலும் உள்ளதை எழுத்து மாறாமல் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதினால் பிசகு எங்கே என்று தெரிந்துவிடும். பத்தாம் வகுப்புப் பெயர்ப் பட்டியல் போவதற்கு முன்பே திருத்த வேண்டும். மதிப்பெண் சான்றிதழ் வந்த பிறகு திருத்துவது பெரும்பாடு.

பள்ளியில் ‘கேம்ப் பையன்’ என்று கூப்பிடுவதை நிறுத்தச் சொல்வதும் இந்த வேலையில் சேரும். 2021 ஆகஸ்டில் முதலமைச்சர் ஸ்டாலின், இனி ‘அகதிகள் முகாம்’ இல்லை, ‘இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்’ என்று சட்டமன்றத்தில் அறிவித்தார். மனுவில் அந்தப் பெயரையே எழுதுங்கள்.

‘தாயகம் திரும்பியோர்’ என்பதை இதோடு குழப்பக் கூடாது. இலங்கை, இந்தியப் பிரதமர்கள் செய்த 1964-ஆம் ஆண்டின் சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தப்படி இந்தியக் குடியுரிமையோடு வந்த மலையகத் தமிழர்கள், அதாவது இலங்கைத் தோட்டங்களில் வேலைக்குப் போன இந்திய வம்சாவளியினர், அவர்கள். முகாமில் இருக்கும் மலையகத் தமிழர்களும் உண்டு. அவர்களுடைய தாத்தா பாட்டியின் பழைய இந்தியக் காகிதம் ஏதாவது பெட்டியில் இருக்கிறதா என்று கேட்டுப் பத்திரப்படுத்துங்கள்.

குடியுரிமை விஷயத்தில் பிறந்த தேதிதான் முதல் கேள்வி. 1950 ஜனவரி 26 முதல் 1987 ஜூலை 1-க்கு முன்புவரை இந்திய மண்ணில் பிறந்தவர் பிறப்பாலேயே இந்தியக் குடிமகன். 1983-க்குப் பின் வந்தவர்களுக்கு இங்கே பிறந்த மூத்த பிள்ளைகள் சிலர் இதில் அடங்குவார்கள், மருத்துவமனைச் சீட்டு இருந்தால் வழி உண்டு. இன்று பிறக்கும் குழந்தைக்கு அந்த வழி இல்லை. பெற்றோர் இலங்கைக் குடிமக்கள் என்றால், இந்தியப் பிறப்புச் சான்றிதழ் வாங்கியதோடு நிற்காமல், ஓராண்டுக்குள் சென்னையில் உள்ள இலங்கைத் துணைத் தூதரகத்திலும் பிறப்பைப் பதிய வேண்டும். ஓராண்டு தாண்டினால் தாமதத்துக்குக் காரணம் காட்டி அனுமதி கேட்க வேண்டிவரும். பதியாமலே விட்டால் குழந்தை எந்த நாட்டுக் கணக்கிலும் வராது. பிரசவம் முடிந்து வீடு திரும்பும் வாரத்திலேயே தாய், தந்தை இருவரின் பிறப்புச் சான்றும் திருமணச் சான்றும் கையில் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். பெரும்பாலும் திருமணச் சான்றுதான் இருக்காது.