எண்பது வயதானால் மாத்திரை பாதியாகிவிடாது

"வயசு 82 டாக்டர், முழு மாத்திரை உடம்பு தாங்காதுன்னு பாதியாத்தான் குடுத்தோம்." காலில் ரத்தக்கட்டு (குழாய்க்குள் ரத்தம் உறைந்துபோவது) என்று சிகிச்சை பெற்று வீடு திரும்பியவர் மூன்றே வாரத்தில் மூச்சிரைப்போடு திரும்பி வரும்போது, கூட வந்தவர்கள் சொல்வது பெரும்பாலும் இதுதான். அக்கறையில் செய்ததுதான். அந்த அக்கறைதான் கட்டை நுரையீரல் வரை கொண்டுபோய்விட்டது.

முதலில் கணக்கைப் பாருங்கள். 40 வயதுக்குக் கீழே சிரையில் (இதயத்துக்கு ரத்தம் திரும்பும் குழாயில்) ரத்தக்கட்டு வருவது ஆண்டுக்குப் பத்தாயிரத்தில் ஏறக்குறைய ஒருவருக்கு. 80 தாண்டியவர்களில் ஆயிரத்துக்கே ஐந்தாறு பேருக்கு வருகிறது. வயது கூடக் கூட ஆபத்து ஏறுகிறது. அப்படியிருக்க, வயதைக் காரணம் காட்டி மருந்தைக் குறைப்பது எந்த நியாயம்?

இந்தக் குழப்பத்துக்கு "ரத்தம் கரைக்கும் மாத்திரை" என்ற பெயரும் ஒரு காரணம். அது எதையும் கரைப்பதில்லை, ரத்தத்தைத் தண்ணீராக்குவதும் இல்லை. இருக்கிற கட்டு மேலும் வளராமலும் புதிதாக ஒன்று உருவாகாமலும் தடுக்கிறது, அவ்வளவுதான். பழைய கட்டைச் சிறுகச் சிறுகக் கரைப்பது உடம்பின் வேலை. அதற்கு வாரக்கணக்கில், மாதக்கணக்கில் ஆகும். அதுவரை காவல் நிற்பது மாத்திரை. பாதி மாத்திரை என்பது பாதிக் காவல் இல்லை. பல நேரம் காவலே இல்லை. ரத்தக்கசிவு அபாயம் மட்டும் ஓரளவு அப்படியே இருக்கும். வீக்கம் வடிந்ததும் மாத்திரையை நிறுத்துவதும் இதே தவறுதான். குறைந்தது 3 மாதம். அதற்கு மேல் தொடர வேண்டுமா என்பது கட்டு ஏன் வந்தது என்பதைப் பொறுத்தது.

இந்த மாத்திரைகளில் சில வகை உண்டு. அபிக்ஸபான் என்றால் முதல் 7 நாள் 10 மி.கி. காலை, இரவு, பிறகு 5 மி.கி. இரு வேளை. ரிவராக்ஸபான் என்றால் முதல் 21 நாள் 15 மி.கி. இரு வேளை, பிறகு 20 மி.கி. ஒரு வேளை. தொடக்க நாட்களின் கூடுதல் அளவில்தான் அதிகம் கை வைக்கிறார்கள். கட்டு மறுபடி வளரும் ஆபத்து மிகுந்த நாட்களும் அவைதான். இந்த அளவு ரிவராக்ஸபானைச் சாப்பாட்டோடு விழுங்க வேண்டும், வெறும் வயிற்றில் முழுதாக உடம்பில் சேராது. பெரியவர் இரவில் அரை வயிறு சாப்பிடுகிறவர் என்றால், நாளுக்கு ஒரு முறை எடுக்கும் மாத்திரையை மதியச் சாப்பாட்டுக்கு மாற்றித் தரச் சொல்லிக் கேளுங்கள். விழுங்கச் சிரமப்பட்டால் இந்த இரண்டையும் பொடித்துக் கொடுக்கலாம். இதே வேலையைச் செய்யும் டாபிகாட்ரன் கேப்ஸ்யூலை மட்டும் திறக்கவே கூடாது, மருந்து அளவுக்கு மீறி ரத்தத்தில் ஏறிவிடும்.

சக மருத்துவர்களுக்கும் ஒரு வார்த்தை. 80 வயது, 60 கிலோவுக்குள் எடை, கிரியாட்டினின் (சிறுநீரகம் வெளியேற்றும் கழிவு, ரத்தத்தில் அளப்பது) 1.5 அல்லது அதற்கு மேல், இவற்றில் இரண்டு இருந்தால் அபிக்ஸபான் 2.5 மி.கி. என்ற விதி இதயத் துடிப்புக் கோளாறுக்கானது. சிரை ரத்தக்கட்டுக்கு அது பொருந்தாது. இங்கே 2.5 என்பது குறைந்தது ஆறு மாத சிகிச்சை முடிந்தபின் தொடர்பவர்களுக்கு. அதில் வயதுக்கு வேலையே இல்லை.

வயது உண்மையிலேயே கணக்கில் வருவது சிறுநீரகத்தில். கிரியாட்டினின் 1.0, "நார்மல்" என்று ரிப்போர்ட்டை மடித்து வைத்துவிடுகிறார்கள். வயது 82, எடை 45 கிலோ உள்ள பெண்ணுக்கு அதே 1.0-ஐ வைத்துக் கணக்கிட்டால் சிறுநீரகம் வடிகட்டும் திறன் நிமிடத்துக்கு 31 மி.லி. மட்டுமே. அதே எடையுள்ள 30 வயதுப் பெண்ணுக்கு 58. ஒரு வயிற்றுப்போக்கு போதும், 31 என்பது 30-க்குக் கீழே இறங்கிவிடும். அப்போது டாபிகாட்ரன் கூடாது. கிலோவுக்கு 1 மி.கி. வீதம் நாளுக்கு இரண்டு முறை போடும் எனாக்ஸபாரின் (கட்டு வளராமல் தடுக்கும் மருந்து) ஊசி ஒரு முறையாகக் குறையும். அதனால் எடையை உத்தேசமாகச் சொல்லாதீர்கள், நிறுத்துப் பார்த்துச் சொல்லுங்கள்.

கட்டு வளராமல் தடுக்கும் இன்னொரு மாத்திரையான வார்ஃபரின் விஷயத்தில் முதியவர்களுக்குக் குறைந்த அளவே போதும் என்பது சரிதான். ஆனால் அதை முடிவு செய்வது ஐ.என்.ஆர் (ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் பரிசோதனை), அது 2-க்கும் 3-க்கும் நடுவில் நிற்க வேண்டும். கட்டை நிஜமாகவே கரைக்கும் ஊசி வேறு. அது உயிருக்கு ஆபத்தான நிலைக்கானது. 75-க்கு மேல் மூளையில் ரத்தக்கசிவு பயம் அதிகம் என்பதால் அங்கே நாங்களே தயங்குவோம்.

பரிசோதனையிலும் வயது குழப்பும். டி-டைமர் (கட்டு கரையும்போது ரத்தத்தில் சேரும் துணுக்கை அளக்கும் பரிசோதனை) வயதோடு தானாகவே ஏறும். 500 என்ற வரம்பு வைத்திருக்கும் ஆய்வுமுறையில், 50 வயதுக்கு மேல் வயதைப் பத்தால் பெருக்கி வருவதே வரம்பு. 78 வயதுக்கு 780. சந்தேகம் வலுவாக இருந்தால் இதற்காகக் காத்திருக்காமல் நேரே டாப்ளர் ஸ்கேன்.

"வயசானா கால் வீங்கத்தான் செய்யும்" என்கிறீர்களா? இரண்டு காலும் ஒன்றுபோல் வீங்கினால் வேறு காரணங்கள் இருக்கலாம். ஒரு கால் மட்டும் வீங்கி, கெண்டைச் சுற்றளவு மற்றதைவிட 3 செ.மீ.க்கு மேல் கூடியிருந்தால் அன்றே காட்டுங்கள். எண்ணெய் போட்டுப் பிடித்துவிட வேண்டாம். முதியவருக்கு நுரையீரலில் கட்டு அடைத்தால் நெஞ்சுவலியே இல்லாமல் திடீர் மயக்கமாகவும் வெளிப்படலாம். அதை "சுகர் இறங்கிடுச்சு" என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

மாத்திரை எடுப்பவர் வீட்டில் மூட்டுவலிக்கு டைக்ளோஃபினாக், ஐபுபுரூஃபன் வேண்டாம், தயவுசெய்து. பெரும்பாலானவர்களுக்கு பாராசிட்டமால் போதும். மலம் தார் போலக் கறுத்தால் வாருங்கள். தலையில் அடிபட்டால், வெளிக்காயம் இல்லாவிட்டாலும் உடனே வாருங்கள். மாத்திரை அட்டை காலியாகும் வரை காத்திருக்காதீர்கள். ஒரு வாரத்துக்கு மீதி இருக்கும்போதே அடுத்ததை வாங்கி வையுங்கள்.