கல்லை வெட்டுறது சக்கரம் இல்ல, தூள்: ஒரு கேமியோ ப்ரோச் திரும்பப் பிறந்த கதை

போன வருஷம் மும்பை மாட்டுங்கால எங்க பெரியப்பாவுக்கு சதாபிஷேகம். பெரியம்மாவுக்கு என்ன குடுக்கறதுன்னு கசின்ஸ் எல்லாரும் வாட்ஸ்அப்ல ரெண்டு வாரம் பேசிப் பேசி, கடைசியில அவங்களோட பாட்டி புடவைத் தோள்ல குத்திட்டிருந்த கேமியோ ப்ரோச் மாதிரியே ஒண்ணு செஞ்சு குடுத்துடலாம்னு முடிவாச்சு. பழசு சித்தி வீட்டு பீரோவுல இருக்கு, ஓரத்துல ஒரு சில்லு பேந்திருக்கு, அதனால அதைக் குத்திக்க யாருக்கும் தைரியம் இல்ல. செய்யச் சொல்லலாம்னு இறங்கினப்புறம்தான் இதுக்குள்ள எவ்வளவு சயின்ஸ் இருக்குன்னு எனக்குத் தெரிஞ்சுது.

கேமியோன்னா பழுப்புக் கல்லு மேல வெள்ளையா ஒரு பெண்ணோட பக்கவாட்டு முகம், பார்த்திருப்பீங்க. அது ஒட்டினதும் இல்ல, பெயிண்டும் இல்ல. ஒரே கல்லுதான், மேல வெள்ளை அடுக்கு கீழ பழுப்பு அடுக்கு. முகம் இருக்குற இடத்துல மட்டும் வெள்ளையை விட்டுட்டு மீதியெல்லாம் பழுப்பு தெரியற வரைக்கும் தேய்ச்சு எடுத்துடறாங்க. அதனால படத்தோட பாதி கல்லுக்குள்ள ஏற்கனவே இருக்கு.

அந்த அடுக்கு எப்படி வருது? எரிமலைக் குழம்பு உறையும்போது உள்ள காத்துக் குமிழி மாட்டிக்கும். அப்புறம் சிலிக்கா, அதாவது மணல்ல இருக்குற அதே பொருள், கரைஞ்ச தண்ணி அந்த ஓட்டைக்குள்ள ஊறி, சுவத்துல மெல்லிசு மெல்லிசா படிஞ்சு படிஞ்சு அகேட் ஆகுது, இங்க கடைக்காரங்க அகீக்னு சொல்றது அதைத்தான். குஜராத்ல ரத்தன்பூர் பக்கம் தோண்டி கம்பாத்துல பட்டை போடற அகீக் எல்லாம் தக்காணத்துல ஏறக்குறைய 6.6 கோடி வருஷம் முன்னாடி கொட்டின எரிமலைக் குழம்புல இருந்து வந்தது, மும்பை அந்தேரியில இருக்குற கில்பர்ட் ஹில் பாறையும் அதே காலத்து எரிமலை வேலைதான். இந்தக் கல்லுங்க பரூச் துறைமுகம் வழியா ரோமாபுரிப் பக்கம் கப்பல்ல போனதை சுமார் 2000 வருஷம் முன்னாடி எழுதின பெரிப்ளூஸ்ங்கற கிரேக்கக் கடல்வழிக் கையேடு சொல்லுது.

கறுப்பு அடுக்கு வேணும்னா மனுஷனே பண்ணிக்கலாம். கல்லை சர்க்கரைத் தண்ணியில வாரக்கணக்குல ஊறப்போட்டு அப்புறம் கந்தக அமிலத்துல போட்டா உள்ள போன சர்க்கரை கரியாயிடும். ஆனா வெள்ளை அடுக்கு நெருக்கமா இருக்கறதால சர்க்கரை அதுக்குள்ள அவ்வளவா போகாது, வெள்ளையாவே நிக்கும். எங்களுக்கு பழுப்பு வேணும்கறதால இது தேவைப்படல.

இப்போ செதுக்குறதுக்கு வருவோம். நானும் உளி வெச்சுத்தான் செதுக்குவாங்கன்னு நெனச்சிருந்தேன். உளி வெச்சு அடிச்சா அகேட் கண்ணாடி மாதிரி தெறிச்சிடும். கம்பாத்துல முதல் ஷேப் கொண்டு வர்றதுக்கு இந்தத் தெறிக்கிற குணத்தைத்தான் பயன்படுத்தறாங்க, கூரான இரும்புக் கம்பி மேல கல்லை சாய்ச்சு வெச்சு கொம்புல செஞ்ச சுத்தியால லேசா தட்டுவாங்க, சில்லு சில்லா பேந்து வரும். மூக்கு உதடெல்லாம் அப்படி வராது. அதுக்கு அரைக்கணும்.

அரைக்குறது எதுன்னா சக்கரம் இல்ல, தூள். அகேட்டோட கடினம் மோஸ் அளவுல (1-ல இருந்து 10 வரைக்கும், வைரம்தான் 10) கிட்டத்தட்ட 7, மெல்லிரும்புச் சக்கரம் அதைவிட ரொம்பக் கம்மி. வெறும் சக்கரத்தை நாள் பூரா சுத்தினாலும் ஒண்ணும் ஆகாது. அதுமேல வைரத்தூளை எண்ணெயில குழைச்சுத் தடவினா, தூள் இரும்புக்குள்ள பதிஞ்சுக்கும், ஏன்னா இரும்பு மெத்துனு இருக்கு. கல்லுக்குள்ள பதிய முடியாது, அதனால கல்லைக் கீறுது. சக்கரம் மெத்துனு இருந்தாத்தான் வேலை நடக்கும், இதை நான் ரொம்ப நாள் தலைகீழா புரிஞ்சு வெச்சிருந்தேன். வைரம் எல்லாருக்கும் கிடைக்காத காலத்துல நம்ம ஊர்ல குருந்தத்தூளை அரக்குல கலந்து சாணை பண்ணாங்க. குருந்தம் மோஸ்ல 9. மாணிக்கமும் நீலமும் அதே கனிமம்தான். இங்கிலீஷ்ல கொரண்டம்னு சொல்றாங்களே, அது நம்ம தமிழ் குருந்தத்துல இருந்து போன வார்த்தை, எனக்கு அதைச் சொல்லும்போதெல்லாம் பெருமையா இருக்கும்.

பழைய ப்ரோச்சோட அளவை எடுத்தது செம்பூர்ல டென்டிஸ்ட்டா இருக்குற என் கசின். பல்லுக்கு அச்சு எடுக்குற சிலிக்கான் புட்டியை முகத்து மேல அமுக்கி, சில நிமிஷத்துல உரிச்சு எடுத்தா, கூந்தல் இழை வரைக்கும் உள்ள பதிஞ்சிருந்தது. அதுல ப்ளாஸ்டர் ஊத்தி எடுத்த முகத்தைத்தான் கல் செதுக்குறவர் மேஜையில வெச்சுக்கிட்டு வேலை பார்த்தார்.

முதல் கல்லு போச்சு. வெள்ளை அடுக்கு ஒரு பக்கம் 2 மில்லிமீட்டர், இன்னொரு பக்கம் அதுல பாதிதான் இருந்திருக்கு, ஏன்னா அடுக்கு குமிழியோட சுவரு வளைஞ்ச மாதிரியே வளைஞ்சு போகுது. மூக்கு நுனி மெல்லிசா இருந்த பக்கம் விழுந்துடுச்சு, மூக்குல பழுப்புப் பொட்டு. எனக்கு போன் பண்ணிச் சொல்லிட்டு செதுக்குறவர் அரை நாள் வேலையே செய்யலையாம். ரெண்டாவது கல்லை அறுத்தவுடனே நாலு ஓரத்துலயும் டார்ச் அடிச்சுப் பார்த்து, கேலிப்பர் வெச்சு அளந்து, முகத்தையே சுத்தித் திருப்பி மூக்கு தடிப்பான பக்கம் வர்ற மாதிரி வரைஞ்சுக்கிட்டார். கன்னத்தோட ஓரத்துல மட்டும் வேணும்னே வெள்ளையை மெல்லிசாக்கி விட்டார், கீழ இருக்குற பழுப்பு லேசா மேல ஊறித் தெரியும், அதுதான் நிழல்.

வேலை பூரா தண்ணி சொட்டிக்கிட்டே இருந்தது. கல்லு சூடாகாம இருக்க மட்டும் இல்ல, தூசி பறக்காம இருக்கவும்தான். அகேட் தூசின்னா சிலிக்கா, 5 மைக்ரானுக்குள்ள இருக்குற துகள் நுரையீரலோட கடைசி அறை வரைக்கும் போய் தழும்பாகி சிலிக்கோசிஸ் வரும், வந்தா குணமாக்க மருந்து கிடையாது. கம்பாத்துல உலர்வா அரைச்சே எத்தனையோ குடும்பங்கள்ல ஆளுங்க இதுல போயிருக்காங்க. சீப்பா அகீக் மாலை வாங்குறப்போ அரைச்சவர் தண்ணி போட்டு அரைச்சாரான்னு கேளுங்க, ப்ளீஸ்.

மெருகு வேற கதை. வைரத்தூளை பொடிசு பொடிசா மாத்திக்கிட்டே வந்து, கீறல் ஒளியோட அலைநீளத்தைவிட, அதாவது 400 நானோமீட்டரைவிட சின்னதாயிட்டா கண்ணுக்குப் பளபளப்புதான் தெரியும். கடைசியா சீரியம் ஆக்சைடு. அது அகேட்டைவிட மெத்துனு இருக்குற பொடி, ஆனாலும் மெருகு ஏத்துது, ஏன்னா தண்ணியோட சேர்ந்து சிலிக்காவோட மேல்பரப்புல வேதியியலா ஒட்டி ஒட்டி உரிச்சு எடுக்குது.

பின்பக்கத்துல வருஷமும் ‘பிரதி’ன்னு தமிழ்லயும் பொறிக்கச் சொன்னோம், நாளைக்கு பேரப்பசங்க எது பழசுன்னு குழம்பக் கூடாது இல்லையா. அவருக்குத் தமிழ் தெரியாது, பேப்பர்ல எழுதிக் குடுத்தேன். சக்கரத்தோட விளிம்பு நேர்கோடு போடுறதுக்கு நல்லது, வளைவுன்னா கஷ்டம், சின்ன உருண்டை முனையை மாட்டி புள்ளி புள்ளியா தொட்டுத் தொட்டு சேர்க்கணும். தி-யோட கொக்கி போடவே முக்கால் மணி நேரம் ஆச்சு, லூப்பை, அதான் அந்தக் குட்டி பூதக்கண்ணாடியை, கண்ணுல வெச்சு என்கிட்ட நீட்டி, சரியா இருக்கான்னு மூணு தடவை கேட்டார்.