மலை கொரில்லா: எண்ணிக்கை கூடியது, இடம் கூடவில்லை

உகாண்டாவின் பிவிண்டி காட்டில் கொரில்லாக்களைக் கணக்கெடுக்கப் போகிறவர்கள் தேடுவது கொரில்லாவை அல்ல, முந்தைய இரவு அது படுத்திருந்த இடத்தை. மலை கொரில்லா தினமும் மாலையில் புதுப் படுக்கை போடும். சுற்றியிருக்கும் செடிகொடிகளை வளைத்து, மடித்து, உடம்புக்கு அடியில் அமுக்கி வட்டமாக ஒரு கூடு. ஒரு ராத்திரிக்குத்தான், விடிந்ததும் விட்டுவிட்டுப் போய்விடும். குட்டிகள் மட்டும் மூன்று நான்கு வயது வரை தாயின் கூட்டிலேயே தூங்கும்.

கூட்டில் எச்சம் கிடக்கும். அதன் பருமனை அளந்தால் படுத்திருந்த விலங்கின் வயது ஓரளவு பிடிபடும். பெரிய எச்சத்தோடு நரைத்த முடியும் ஒட்டியிருந்தால் அது வெள்ளிமுதுகு, அதாவது முதுகு முடி வெளுத்த முதிர்ந்த ஆண். பெரிய எச்சத்துக்குப் பக்கத்திலேயே சின்னதாக ஒன்று கிடந்தால் தாயும் குட்டியும். அப்புறம் எச்சத்திலிருந்து எடுத்த டிஎன்ஏவை ஆய்வகத்தில் ஒப்பிட்டு, ஒரே விலங்கை இரண்டு முறை எண்ணிவிடாமல் சரிபார்க்கிறார்கள்.

இப்படி எண்ணித்தான் 2015-16இல் விருங்கா எரிமலைத் தொடரில் 604, 2018இல் பிவிண்டியிலும் அதை ஒட்டிய சரம்ப்வேயிலும் 459 என்று கணக்கு வந்தது. மொத்தம் 1,063. ருவாண்டா, உகாண்டா, காங்கோ ஜனநாயகக் குடியரசு மூன்றும் சந்திக்கும் அந்த மலைகளைத் தவிர வேறெங்கும் இந்தத் துணையினம் கிடையாது. எந்த விலங்குக் காட்சிச்சாலையிலும் ஒன்றுகூட இல்லை. ஆனாலும் இது நல்ல செய்தி. 1981இல் விருங்காவில் 254தான் இருந்தன. 2018 நவம்பரில் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கம், இதை அழிவின் விளிம்பில் உள்ளவற்றின் பட்டியலிலிருந்து ஒரு படி கீழே இறக்கியது.

இந்த ஏற்றம் எளிதில் வந்ததல்ல. மலை கொரில்லா மிக மெதுவாகப் பெருகும். பெண் முதல் குட்டியை ஈனும்போது அதற்குச் சுமார் பத்து வயது. கர்ப்பகாலம் எட்டரை மாதம். அடுத்த குட்டிக்கு ஏறக்குறைய நான்கு ஆண்டு. ஒரு தாய் செத்தால், அந்த இடத்தை நிரப்பப் பல வருஷம் ஆகும்.

உணவுக்குப் பஞ்சமில்லை. குளிரும் மூடுபனியுமான மலைச்சரிவுகளில் காட்டு செலரி, நெருஞ்சி போல முள் நிறைந்த திசில் செடி, காஞ்சொறி வகைகள், பருவத்தில் மூங்கில் குருத்து என்று கைக்கெட்டும் இடமெல்லாம் சாப்பாடுதான். இலைதழையிலேயே போதுமான ஈரம் இருப்பதால் தண்ணீர் குடிப்பதுகூட அபூர்வம். ஆபத்து வருவது மனிதர்களிடமிருந்து.

சுருக்குக் கண்ணியை எடுத்துக்கொள்வோம். வைப்பவர்களின் குறி சிறு மான்கள். ஒரு கிளையை வளைத்து, கயிற்றுச் சுருக்கோடு கட்டி, தரையில் இலைகளால் மூடிவிடுவார்கள். கால் பட்டதும் கிளை விடுபட்டு நிமிர, சுருக்கு இறுகும். பெரிய ஆண் இழுத்து அறுத்துக்கொள்ளும், குட்டியால் முடியாது. 2012இல் ருவாண்டாவில் ஒரு கூட்டத்தின் குட்டி கண்ணியில் சிக்கிச் செத்தது. சில நாள் கழித்து அதே கூட்டத்தின் இளசுகள் இரண்டு, வேறொரு கண்ணியைப் பிரித்துப் போட்டதை ஆய்வாளர்கள் நேரில் கண்டார்கள். ஒன்று வளைந்த கிளைமேல் குதித்து ஒடித்தது, இன்னொன்று சுருக்கை விடுவித்தது.

இன்னொரு ஆபத்து நம் சளி. மரபணுவில் நமக்கு மிக நெருங்கிய உறவு என்பதால் நம்முடைய சுவாச வைரஸ்கள் அவற்றையும் தாக்கும். அதனால்தான் கொரில்லா பார்க்கப் போகும் பயணிகள் விலகி நிற்க வேண்டும், ஒரு மணி நேரத்துக்கு மேல் தங்கக்கூடாது என்று விதி.

சரி, இவ்வளவுக்கு நடுவிலும் எண்ணிக்கை எப்படி ஏறியது? 1967 முதல் 2008 வரையிலான விருங்காத் தரவுகளை ஆராய்ந்து 2011இல் வந்த ஆய்வு தெளிவாகச் சொல்கிறது. மனிதர்களுக்குப் பழகி, தினமும் காவலர்கள் பின்தொடர்ந்த கூட்டங்கள் ஆண்டுக்கு 4.1 சதவீதம் வளர்ந்தன. மற்றவை 0.7 சதவீதம் தேய்ந்தன. தினமும் யாராவது போய்ப் பார்ப்பதும், கண்ணியை அறுத்துவிடுவதும், நோய் முற்றினால் கால்நடை மருத்துவர் காட்டுக்குள்ளேயே போய் மருந்து செலுத்துவதும்தான் இந்த வித்தியாசம். காங்கோப் பக்கத்து விருங்கா பூங்காவில் இந்த வேலையில் இதுவரை 200க்கும் மேற்பட்ட வனக்காவலர்கள் உயிரை விட்டிருக்கிறார்கள். கொரில்லா பிழைத்த கதையை இவர்களைச் சொல்லாமல் சொல்வது நியாயமே இல்லை.

இப்போது புதுச் சிக்கல். காடு முடிகிற கோட்டிலேயே உருளைக்கிழங்கு வயல் தொடங்குகிறது, இடைவெளியே இல்லை. 1969இல் ருவாண்டா, பூச்சிக்கொல்லிக்கான பைரெத்ரம் பூப் பயிரிட, தன் பக்கத்து எரிமலைப் பூங்காவிலிருந்து சுமார் 10,000 ஹெக்டேரை எடுத்துக்கொண்டது. மிஞ்சிய இடத்தில்தான் கொரில்லாக்கள் பெருகின. கூட்டங்கள் அதிகமானதும் ஒன்றையொன்று சந்திப்பது அதிகமானது, சண்டையும் கூடியது. அந்தச் சண்டையில் வேற்று ஆண் குட்டியைக் கொல்லும். பாலூட்டும் தாய் கருத்தரிக்காது. குட்டி போனால் சீக்கிரம் தயாராகிவிடும். கொலைக்கான காரணம் அந்தக் கணக்குதான். ருவாண்டாப் பக்கத்தில் நெருக்கடி கூடியபின், பல ஆண்டுகளாகக் கண்காணிக்கப்பட்ட கூட்டங்களின் வளர்ச்சி வேகம் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது.

இத்தனை பாதுகாப்புக்குப் பிறகு இனித் தேவைப்படுவது நிலம். ருவாண்டா தன் எரிமலைப் பூங்காவை விரிவாக்கத் திட்டமிட்டிருக்கிறது. அதற்கு அங்கே பயிர் செய்துவரும் குடும்பங்கள் இடம்பெயர வேண்டும். ஆப்பிரிக்காவிலேயே மக்கள்நெருக்கம் மிகுந்த கிராமப்புறங்களில் ஒன்று அது. பயணிகள் தரும் கட்டணத்தில் ஒரு பங்கு சுற்றியுள்ள ஊர்களுக்கு ஏற்கெனவே போகிறது. ருவாண்டாவில் அது 10 சதவீதம். நிலத்தையே விட்டுக்கொடுக்கப்போகிறவர்களுக்கு அது போதாது என்பதே என் எண்ணம். புது வீட்டோடு நிலையான வருமானமும் அவர்களுக்குக் கிடைத்தாக வேண்டும்.