கிவ்அவே காமிக்ஸ்: சொல்லும் பொருளும்

கடையோ கம்பெனியோ தன் செலவில் அச்சடித்து, காசு வாங்காமல் குழந்தைகள் கையில் கொடுக்கும் படக்கதைப் புத்தகத்துக்கு அமெரிக்காவில் வழங்கும் பெயர் இது. 'கிவ்அவே' என்றால் திரும்ப எதுவும் கேட்காமல் கொடுத்துவிடுவது. 'காமிக்' என்றால் சிரிப்பு மூட்டுவது. பத்திரிகைகளில் வந்த ஆரம்பகாலப் படத்தொடர்கள் பெரும்பாலும் நகைச்சுவை என்பதால் ஒட்டிக்கொண்ட பெயர், பிற்பாடு பேய்க்கதைக்கும் துப்பறியும் கதைக்கும்கூட நிலைத்துவிட்டது.

காமிக்ஸ் புத்தகம் முதலில் விலைக்கு விற்று, அப்புறம் இலவசமாக வந்தது என்றுதான் நினைப்போம். நடந்தது தலைகீழ். 1933-இல் ஈஸ்டர்ன் கலர் அச்சகம் 'ஃபன்னிஸ் ஆன் பரேட்' புத்தகத்தை அச்சிட்டது பிராக்டர் அண்ட் கேம்பிள் கம்பெனிக்காக. கூப்பன் அனுப்பியவர்களுக்கு இலவசம். அதே அச்சகம் இதே மாதிரி இன்னொரு புத்தகத்துக்குப் பத்து சென்ட் விலை போட்டுப் பத்திரிகைக் கடையில் வைத்தது அதற்கு அடுத்த வருடம்.

கிறிஸ்துமஸ் வந்தால் பெரிய பல்பொருள் அங்காடிகளுக்கு இந்தப் புத்தகங்கள் நன்றாகக் கைகொடுத்தன. அச்சகம் ஒரே கதையை மொத்தமாக அடிக்கும். அட்டையில் விட்டிருக்கும் வெற்றுக் கட்டத்தில் அந்தந்தக் கடையின் பெயர் ஏறும். நம் ஊர் ஜவுளிக்கடைகள் தரும் சிவகாசி காலண்டர் மாதிரிதான். சொந்தமாகவே கதை எழுத வைத்த கடையும் உண்டு. சிகாகோவின் மான்ட்கோமரி வார்ட் 1939-இல் தன் விளம்பர எழுத்தாளர் ராபர்ட் மேயை வைத்து எழுதியதுதான் சிவப்பு மூக்கு மான் ருடால்ஃப். அந்த ஒரு பருவத்தில் சுமார் 24 லட்சம் பிரதிகள் கொடுத்தார்கள். கறாராகச் சொன்னால் அது காமிக்ஸ் அல்ல, படம் போட்ட பாட்டுக்கதை. ஆனாலும் இந்த வகைக்கு அதைவிடப் பேர்போன உதாரணம் இல்லை.

கிறிஸ்துமஸ் கதைகளில் அடிக்கடி வரும் ஆள், உயிர்பெற்ற பொம்மை. சாண்டாவின் பட்டறையில் தகரச் சிப்பாய் கண் விழிப்பான், கரடி பேசும். குழந்தை படித்து முடிக்கும்போது அதே மாதிரிப் பொம்மை ஒன்று கடை அலமாரியில் இருக்கும். கெட்டிக்கார வியாபாரம்!

சரி, தமிழில் என்ன சொல்வது? 'இலவச இணைப்பு' ஒத்துவராது. அது வார இதழோடு சேர்ந்து வருவது, இதழை வாங்கியாக வேண்டும். 'கொசுறு' அழகான சொல்தான், ஆனால் காய்கறி வாங்கியவருக்குத்தான் கறிவேப்பிலை கொசுறு. இங்கே புத்தகம் முதலில் வருகிறது, வியாபாரம் பின்னால். 'விலையில்லா' என்று போட்டால் அரசு மிக்சி ஞாபகம் வந்துவிடும். 'அன்பளிப்புப் படக்கதை' என்பதே என் தேர்வு. 'சித்திரக்கதை', 'வரைகதை' என்று எழுதுவோரும் உண்டு, மூன்றும் சரியே.

உயிர்பெற்ற பொம்மைக்குப் புதுச் சொல் தேட வேண்டாம், 'பாவை' இருக்கிறது. பதுமை, பெண், கண்மணி எல்லாம் அதற்குப் பொருள். நற்றிணையும் குறுந்தொகையும் பாடும் கொல்லிப்பாவை தெய்வம் சமைத்த பதுமை. சிரித்து மயக்கிக் கொல்லும் என்பது வழிவழியாக வரும் கதை. குழந்தைகள் புத்தகத்தில் அந்தப் பயமுறுத்தல் தேவையில்லை என்றால் 'பேசும் பொம்மை' என்றே எழுதிவிடலாம்.